அடுத்த வீட்டுப் பூனைகளும் மூன்று அணில் குட்டிகளும்

முதுகில் டிஸ்க் விலகி வீட்டோடு கிடந்த நாட்களில் எனக்கு யாரைக் கண்டாலும் ஆகாது. நலம் விசாரிக்க வந்தவர்கள் மேல் எரிச்சல். வராதவர்கள் மேல் அதைவிட எரிச்சல். கேரள எல்லையில் கொல்லங்கோட்டுக்கும் கோவிந்தாபுரத்துக்கும் நடுவே தனியார் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். ஒரு நாள் வண்டியிலிருந்து இறங்கக் காலைக் கீழே வைத்தவன், நிமிர முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். டாக்டர் மாதக் கணக்கில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். மனைவி விடியும்போதே பால் சொசைட்டிக்கு வேலைக்குப் போவாள்; மதியம் வந்துவிட்டு சாயங்காலம் மறுபடி போவாள். எனக்குப் பகல் முழுக்கப் பலகைக் கட்டிலும் ஜன்னலும்தான். ஜன்னலுக்கு நேரே மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் வீடு.

அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கணவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை, ஐந்து பூனைகள். எங்களோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்தான். ஆனால் அவருடைய பூனைகள் என் பைக் சீட்டில் மூத்திரம் போவதும், ஓட்டின் மேல் சண்டை போட்டு ஓட்டைத் தள்ளுவதும் அளவு மீறிப் போனபோது நான் போய்க் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்று அவர் சொன்னார். பூனைக்கு மதில் கணக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதுவரை என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டவர், அன்றிலிருந்து 'ஏனுங்க' என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார். அந்த மரியாதையைக் கேட்டால் எனக்கு உடம்பு எரியும்.

எங்கள் குளியலறைச் சுவரில் ஃபேன் வைக்க விட்டிருந்த ஓட்டையில் ஓர் அணில் கூடு கட்டியிருந்தது. தேங்காய் நார், கிழிந்த துணி, என் தலையணைப் பஞ்சு எல்லாம் அதற்குள் போயிற்று. அந்த அணில் மேலும் எனக்குப் பிரியம் ஒன்றும் இல்லை. மோட்டார் ஒயரைக் கடித்து வைத்திருந்தது.

மார்கழி மாதம். மலை இடைவெளி வழியாக வரும் காற்று எங்கள் பக்கத்தில் அந்த மாதம் ஆளைத் தள்ளும். அப்படிக் காற்றடித்த ஒரு காலையில், மதில் மேல் ஓடிய தாய் அணிலை டீச்சரின் மஞ்சள் பூனை ஒரே தாவலில் கவ்வியது. நான் கட்டிலில் படுத்தபடியே கத்தினேன். அது அசையவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், கைக்குக் கிடைத்த செருப்பை எறிந்தேன். செருப்பு பூனையின் இடுப்பில் பட்டது. அது அணிலோடு அந்தப் பக்கம் குதித்தது. டீச்சர் வெளியே வந்தார்.

"செருப்புல அடிக்கறீங்களே, வாயில்லாச் சீவனுங்க அது."

"அது வாயில என்ன இருக்குதுன்னு பாருங்க டீச்சர்."

பார்த்தார். முகம் மாறவில்லை. "எலியப் புடிச்சா நல்ல பூனை, அணிலைப் புடிச்சா கெட்ட பூனையா? அதுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, என் செருப்பைக் கால் விரலால் தள்ளி ஓரமாக ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். அந்தச் செருப்பை நான் போய்க் கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை.

மறுநாள் குளியலறையில் குளிக்க நின்றபோது ஓட்டைக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. சுவருக்குள் யாரோ விசில் அடிப்பதுபோல விடாமல் வந்தது. மனைவி மதியம் வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிக் கூட்டோடு எடுத்துக் கீழே வைத்தாள். மூன்று குட்டிகள். கண் திறக்கவில்லை. ரோஜா நிறத் தோலில் கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஒன்றின் மேல் கட்டெறும்பு ஏறியிருந்தது. மூன்றும் தொட்டால் சில்லென்று இருந்தன.

அவளுக்குப் பரிதாபம். எனக்கு அது இல்லை என்றால் பொய்தான், ஆனால் அதைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. இவை செத்தால் அந்தப் பூனை நான்கு உயிரை எடுத்த மாதிரி. அப்போதும் டீச்சர் எதுவும் நடக்காததுபோலத் தலை நிமிர்ந்து நடப்பார். அதை விடக் கூடாது என்று நினைத்தேன்.

வீட்டில் பாலுக்கா பஞ்சம்? சூடு பண்ணிக்கொண்டு வரச் சொன்னேன். மனைவி, சொசைட்டி மாடுகளைப் பார்க்க வரும் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். அந்த டாக்டரம்மா மலையாளத்தில் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. பசும்பால் கொடுத்தால் வயிறு உப்பி, பேதியாகிச் செத்துவிடும். அதற்கும் முன்னால், சில்லிட்டுக் கிடக்கும் குட்டியின் வாயில் எதையுமே விடக் கூடாது, செரிக்காது. முதலில் சூடு. பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பித் துணி சுற்றி, அட்டைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் குட்டி மறு பாதிக்கு நகர்ந்துகொள்ளட்டும். உடம்பு கதகதப்பான பிறகு உப்புச் சர்க்கரைக் கரைசல் சொட்டுச் சொட்டாக. பிறகு இங்கே கொண்டு வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பெட்டி, பாட்டில் எல்லாம் தயார் செய்து தந்துவிட்டு மனைவி ஆட்டோ பிடிக்கப் போனாள். குட்டிகள் கதகதப்பானதும் நான் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல ஒவ்வொன்றையும் மல்லாக்கப் பிடித்து, இங்க் ஃபில்லரால் கரைசலை ஊட்டினேன். பாதி நெஞ்சில் வழிந்தது. மிகச் சிறியது ஒரு முறை உடம்பைச் சிலுப்பியது. குடிக்கிறது என்று நினைத்தேன்.

கொல்லங்கோடு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைவிடச் சிடுசிடுப்பாக இருந்தார். வெளியே கன்றுக்குட்டியோடு நான்கு பேர் காத்திருந்தார்கள். நான் குட்டியை எடுத்த விதத்தைப் பார்த்ததும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். இது ஸ்டியரிங் இல்லை என்றார். என் தொழிலை மனைவி சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் செய்ததைக் கண் எடுக்காமல் பார்த்தேன். துணியில் சுற்றி, நிமிர்த்தி, தலை சற்று முன்னால் சாய்ந்திருக்கும்படி பிடித்தார். ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சால் உதட்டில் ஒரு சொட்டு வைத்தார். குட்டி அதை நக்கி முடித்த பிறகு அடுத்த சொட்டு. மூக்கில் குமிழி வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடைக்க வேண்டும். நாய்க்குட்டிகளுக்கு விற்கும் பால் பவுடரைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவ வேண்டும், தாய் நக்கிவிடுவதுபோல. இல்லையென்றால் அதற்குத் தானாகச் சிறுநீர் போகத் தெரியாது.

சிறியது அங்கிருந்து வீட்டுக்கு வருவதற்குள் செத்துவிட்டது. எறும்புக் கடியும் குளிரும் காரணமாக இருக்கும் என்று மனைவி சொன்னாள். கறிவேப்பிலைச் செடிக்கு அருகே குனிய முடியாமல் குனிந்து நான் குழி தோண்டும்போது மதிலுக்கு மேல் டீச்சரின் தலை தெரிந்தது.

"ஒண்ணைக் கொன்னு போட்டீங்களா?"

"கொன்னது நானில்லைங்க. உங்க பூனை ஆரம்பிச்சு வெச்சுது."

அவர் அங்கேயே நின்றார். மண்ணை மூடும்வரை நின்றார்.

அதற்குப் பிறகு என் நாட்கள் சிரிஞ்சைச் சுற்றியே நகர்ந்தன. பவுடர் வாங்க மனைவி பொள்ளாச்சி வரை போய்வந்தாள். அதற்கும் எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது. இரண்டு மணிக்கொரு தரம் ஊட்ட வேண்டும். ராத்திரியிலும் மாறி மாறி எழுந்தோம். உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதனால் ஜன்னல் திண்டில் எல்லாவற்றையும் பரப்பிவைத்து நின்றுகொண்டே ஊட்டினேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கரைத்து, மணிக்கட்டில் சொட்டு விட்டுச் சூடு பார்த்து, சிரிஞ்சை வெந்நீரில் கழுவி வைத்தேன். வயிறு உருண்டு தெரிய வேண்டும், ஆனால் இறுகக் கூடாது. டாக்டரம்மா போனில் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். தப்பாகச் சொன்னால் திட்டுவார். அந்தம்மாவிடம் திட்டு வாங்கக் கூடாது என்பதற்காகவே பல விஷயங்களை ஒழுங்காகச் செய்தேன்.

முடி முளைத்தது. கோடுகள் கறுத்தன. ஒரு நாள் பார்த்தால் ஒன்றுக்கு ஒரு கண் மட்டும் திறந்து, என்னை நம்பாததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

பூனைகளுக்கு வாசனை தெரிந்துவிட்டது. மஞ்சள் பூனை தினமும் ஜன்னல் கம்பியில் வந்து உட்காரும். கொசுவலையை நகத்தால் கிழித்தது. கோழிக் கூண்டுக்குப் போடும் கம்பி வலையை மனைவி வாங்கி வந்து அடித்தாள். ஒரு வாளியில் தண்ணீரும் சொம்பும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பூனை வந்தால் ஊற்றுவேன். நனைந்த பூனை வீட்டுக்குப் போனதும் டீச்சர் மதிலுக்கு வருவார். குளிர் நாளில் பூனை மேல் தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு அணில் மேல் மட்டும் என்ன பாசம் என்பார். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன்.

அப்படி ஒரு சண்டை முடிந்த கையோடு ஒரு மதியம் ஊட்டப் போனேன். டீச்சருக்குச் சொல்ல விட்டுப்போன பதிலை வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தேன். சிரிஞ்சை ஒரு அழுத்து அழுத்திவிட்டேன். மிச்சமிருந்த இரண்டில் ஆண் குட்டியின் மூக்கில் பால் நுரைத்து வந்தது. தலையைத் தாழ்த்தித் துடைத்தேன். மூச்சு விடும்போது கிர்ரென்று சத்தம் கேட்டது. மனைவி வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கோவம் போற வரைக்கும் நீங்க இதுகளைத் தொடக் கூடாதுங்க" என்றாள்.

"அப்படின்னா எப்பவுமே தொட முடியாது."

"அப்பத் தொட வேண்டாம்."

டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்தில் அது பிழைத்தது. அந்தச் சத்தம் நிற்கும்வரை நான் மதில் பக்கம் திரும்பவே இல்லை. டீச்சர் ஏதோ சொன்னால் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

பால் குறைந்து, கொய்யாத் துண்டும் வெள்ளரியும் முருங்கை இலையும் கொறிக்க ஆரம்பித்த சமயத்தில் வாசலில் ஒரு ஃபாரஸ்ட்டுக்காரர் வந்து நின்றார். பராதி, அதாவது புகார், வந்திருக்கிறது, காட்டு ஜீவனைக் கூட்டில் அடைத்து வளர்ப்பதாக. யார் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பெட்டியைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு எனக்கும் ஒரு பாடம் எடுத்தார். டாக்டர் பார்வையில் இருக்கும்வரை சரி. தானாகத் தின்னத் தெரிந்ததும் விட்டுவிட வேண்டும். பெயர் வைக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது, போனில் படம் எடுத்துப் போடக் கூடாது. பெயர் வைக்க எனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் டீச்சர் வீட்டுக்குப் போனார். அணில்களை விடும் நாட்களில் பூனைகளை உள்ளே வைத்திருக்கச் சொன்னார்.

"பராதி குடுத்தவ நானு. எனக்கே புத்தி சொல்றீங்களா?" என்று டீச்சர் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது. எனக்கு அன்று முழுக்க வாயெல்லாம் சிரிப்பு.

மாசி பிறந்தது. சுற்றிலும் மாந்தோப்புகள் பூத்து வாசனையாக இருந்தன. பெரிய கூண்டில் கிளைகளும் தேங்காய் மட்டையும் போட்டுக் குட்டிகளை மாற்றியிருந்தேன். பகலில் கூண்டைக் கொய்யா மரத்தடியில் வைத்து, அருகிலேயே நாற்காலியில் சாய்ந்திருப்பேன். ஒரு நாள் தண்ணீர் வைக்கக் கை விட்டபோது பெண் குட்டி விரலைக் கடித்துத் தொங்கியது. ரத்தம் வந்தது. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு டாக்டரம்மா, நல்லது என்றார். மனிதக் கையைக் கண்டால் அதற்குப் பிடிக்கக் கூடாது, இனி விடலாம்.

விட வேண்டுமென்றால் ஐந்து பூனைகளும் உள்ளே இருக்க வேண்டும். ஃபாரஸ்ட்டுக்காரர் சொல்லி டீச்சர் கேட்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். மனைவியைப் போகச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். செருப்பை எறிந்தது யார் என்று கேட்டாள். இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நானே போய் டீச்சர் வீட்டு கேட்டில் நின்றேன். அவர் வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"அணில்களை வெளிய விடப் போறேன். கொஞ்ச நாளைக்குப் பகல்ல பூனைகளை ஊட்டுக்குள்ள வெச்சுக்கோணும்."

"கேக்கறீங்களா, உத்தரவு போடறீங்களா?"

"கேக்கறேன்."

மஞ்சள் பூனை அவர் காலைச் சுற்றி வந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டார். இந்தப் பூனைகளில் நான்கைக் கண் திறக்காத குட்டிகளாகச் சாக்கில் கட்டி யாரோ பஸ் ஸ்டாப்பில் போட்டுவிட்டுப் போனார்கள் என்றார். என் பஸ் தினமும் நிற்கும் ஸ்டாப். டிரைவரும் பார்த்திருப்பார், கண்டக்டரும் பார்த்திருப்பார், யாரும் இறங்கவில்லை. அவர்தான் எடுத்துவந்து, சூடு வைத்து, சொட்டுச் சொட்டாக ஊட்டி வளர்த்தாராம். அந்தச் சாக்கை நான் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அப்படித்தான் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

"மொத நாளு நீங்க அந்த அணில் புள்ளைகளை மல்லாக்கப் புடிச்சு ஊத்துனீங்க. ஜன்னல்ல எனக்குத் தெரிஞ்சுது. அப்படிப் புடிச்சா நெஞ்சுக்குள்ள போயிருமுன்னு எனக்குத் தெரியுமுங்க."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"என்ற பூனை மேல செருப்பு எறிஞ்ச ஆளுக்கு நான் என்னத்துக்குச் சொல்லோணும்?"

அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சிறிய குட்டி எதனால் செத்தது என்று யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவும் திட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று நான் மண்ணை மூடுவதைப் பார்த்தது நினைவுக்கு வந்தபோது, எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஊட்டியது என் கைதான் என்பதும், அவர் வாய் திறக்கவில்லை என்பதும் இரண்டும் சேர்ந்து உள்ளே கிடந்து எரிந்தன. மனைவியிடம் சொன்னேன். அவள், ரெண்டு பேருமே மனுசங்க இல்லை என்றாள்.

மறுநாள் காலை டீச்சர் வீட்டுக் கதவும் ஜன்னல்களும் சாத்தியிருந்தன. உள்ளே ஐந்து பூனைகளும் கத்திக்கொண்டிருந்தன. அவர் மட்டும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்காமல் கூண்டைத் திறந்தேன். ஆண் குட்டி வெளியே வந்து கொய்யா மரத்தில் ஏறியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த தோப்புக்குப் போய்விட்டது. பெண் குட்டி சாயங்காலம் கூண்டுக்கே வந்து மட்டைக்குள் படுத்துக்கொண்டது. மூடவில்லை, திறந்தே வைத்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படி வந்து போனது. பழத்துண்டைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒரு நாள் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

டீச்சர் வீட்டுக் கதவு திறந்தது. பங்குனியில் மஞ்சள் பூனை மதில் மேல் ஓர் இளம் அணிலைக் கவ்விக்கொண்டு நடந்து போனதை நான் பார்த்தேன். அது உங்களுடையது இல்லை, வால் வேறு மாதிரி என்று டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். வாலைப் பார்த்து அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை.

இடுப்பு ஓரளவு தேறி வண்டிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள் டாக்டரம்மாவே எனக்குப் போன் செய்தார். யாரோ ஓர் அணில் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள், உங்களுக்குப் பழக்கம்தானே என்றார். நான் காலையிலிருந்து ராத்திரி வரை ரோட்டில் இருக்கிறேன், முடியாது என்றேன். வேறு யாராவது தெரியுமா என்று கேட்டார். டீச்சரின் நம்பரைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று மனைவி கேட்டாள். டீச்சருக்கு இந்த வேலை தெரியும், அது உண்மை. பூனை வளர்க்கிற வீட்டில் அணிலை வைத்துக் கொஞ்சம் அல்லாடட்டும் என்று நினைத்ததும் உண்மை.

டீச்சர் மறுக்கவில்லை. ஓர் அறையைப் பூட்டி, அதற்குள் வைத்து வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது மதிலுக்கு வந்தார்.

"உங்ககிட்டப் பேசோணும்னு வரலைங்க. அந்தப் பால் பவுடர் மிச்சம் இருக்குதுங்களா?"

அலமாரியில் அரை டப்பா இருந்தது. எடுத்துவந்து மதில் மேல் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். விரலால் கிளறினார்.

"திறந்து எத்தனை மாசம் ஆச்சு? கட்டி கட்டியா இருக்குது. இதைக் குடுத்து இதையும் கொல்லச் சொல்றீங்களா?"

டப்பாவை என் பக்கத்திலேயே கவிழ்த்துக் கொட்டிவிட்டு, புது டப்பா வாங்கப் பொள்ளாச்சிக்கு பஸ் எப்போது என்று என் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார்.